யார் வீட்டுக்கு யார் காவல்?

'திருடன்' என்கிற சொல்லுக்கு இந்த நாட்டில் சாதி உண்டு. ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்கு வரவேண்டும் என்று ஸ்டேஷன் ரைட்டருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சேரிக்கு வரும். இருளர் குடிசைக்கு வரும். குறவர் குடியிருப்புக்கு வரும். அங்கே கிடைக்கிற நாலு பையன்களை ஏற்றிக்கொண்டு போகும். இது நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், நீதிமன்றத்துக்கும் தெரியும்.

சரி, சேரியில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் ஜீப் எங்கே போகும்? எங்கேயும் போகாது. "ஒங்க ஊட்ல ஏதுடி மூணு பவுனு?" என்று ஒரு கேள்விதான் வரும்.

முதல் விஷயத்தைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம், போஸ்டர் ஒட்டியிருக்கிறோம், உண்ணாவிரதம் இருந்திருக்கிறோம். இரண்டாவதைப் பற்றி நம் மேடைகளில் பேச்சே கிடையாது. திருட்டுத் தடுப்பு, தெருக்காவல், மோசடி எச்சரிக்கை என்பதெல்லாம் ஏதோ அபார்ட்மெண்ட்காரர்களின் கவலை, வணிகர் சங்கத்தின் தீர்மானம் என்று ஒதுக்கிவிட்டோம். பறிகொடுக்க நம்மிடம் ஒன்றுமில்லை என்று ஆதிக்க சாதிக்காரன் நினைப்பதை நாமும் நம்பிவிட்டோமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

காவல் என்பதன் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால்தான் இந்தக் கேள்வி புரியும். ஊரின் நெற்களத்தில் ராத்திரி பூராவும் பனியில் காவல் கிடந்தவன் யார்? வயலுக்கு வெள்ளாமைக் காவல் பார்த்தவன் யார்? தலையாரியாகவும் வெட்டியாகவும் ஊர்க்காரியம் சுமந்தவன் யார்? பல ஊர்களில் அது சேரிக்காரன்தான். களத்தில் குவிந்த நெல்லை நம்பி ஒப்படைத்துவிட்டு வீட்டில் போய்த் தூங்கிய ஊர்தான், விடிந்ததும் அவனையே திருடன் என்றது. தெற்கே காவல் முறை வேறுமாதிரி. அங்கே காவல்காரச் சாதிகளுக்கு ஊர்கள் காவல்கூலி கொடுத்தன. மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் 1859இல் சென்னை மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம் போட்டான். காவல் அரசாங்கத்தின் ஏகபோகமாக ஆனது. பழைய காவல்காரர்கள் குற்றவாளிகள் ஆனார்கள்.

1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி, கைரேகை வை, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படு என்றது அந்தச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தி 16 பேரைக் கொன்றது வெள்ளை அரசாங்கம். அந்தத் தியாகத்தை மதிக்கிறோம். அதே சமயம் ஒன்றைச் சொல்லாமலும் இருக்க முடியாது. பிறப்பை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்பது அநீதி என்று 1920இல் உயிரைக் கொடுத்துச் சொன்ன மண்ணிலேயே, பிறப்பை வைத்துச் சேரிக்காரனைத் திருடன் என்பது இன்னும் ஓயவில்லை.

நாடு முழுக்க அந்தச் சட்டம் 1952இல் ஒழிந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். சட்டம் ஒழிந்தது, அதன் ஆவி ஒழியவில்லை. 1948இலேயே 'வழக்கமான குற்றவாளிகள்' என்று ஒரு சட்டம் சென்னை மாகாணத்தில் தயாராகிவிட்டது. குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 109, 110 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. சந்தேகப்படும்படி நின்றான், வழக்கமாகக் குற்றம் செய்கிறவன் என்று பிடித்து ஜாமீன் பத்திரம் கேட்கும் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்தபோது அவை 128, 129 என்று நம்பர் மாறி உட்கார்ந்துகொண்டன. 1982இன் குண்டர் சட்டம் இதற்கும் ஒரு படி மேலே. விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், சீர்மரபினரை 'வழக்கமான குற்றவாளி' என்று அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. சாதிவாரியாக அடைத்துவைப்பதற்கு உதாரணமாக அந்த வழக்கில் வந்த சிறைகளில் நம் பாளையங்கோட்டையும் ஒன்று. சுதந்திரம் வந்து எழுபத்தேழு வருஷம் கழித்து, சிறைக்குள்ளேயும் சாதி இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பத்திரிகையாளர் உச்சநீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

*

இனி திருட்டுப் புகார் என்ன செய்யும் என்று பார்ப்போம். 1993 மார்ச்சில் கம்மாபுரம் போலீஸ், நகைத் திருட்டு என்று சொல்லி முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணுவைக் கொண்டுபோனது. அவர் திரும்பி வரவில்லை. தப்பியோடிவிட்டான் என்று கதை கட்டினார்கள். அவர் மனைவி பார்வதி விடாமல் நின்று வழக்கு நடத்தினார். 2021இல் அது சினிமாவாக வந்தபோது தமிழ்நாடே கண்ணீர் விட்டது. நல்லது. 2025 ஜூன் கடைசியில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், காரில் இருந்த நகை காணோம் என்ற ஒரு புகாரின் பேரில் தனிப்படைப் போலீசிடம் சிக்கினார். மறுநாள் பிணம். உடம்பில் 44 காயங்கள் என்று உயர்நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. வழக்கு சிபிஐக்குப் போனது. சினிமா பார்த்து அழுத நாடு நாலு வருஷத்தில் இதையும் பார்த்தது.

1993க்கும் 2025க்கும் நடுவில் முப்பத்திரண்டு வருஷம். ரெண்டு இடத்திலும் புகார் ஒன்றுதான், நகை காணோம். ரெண்டு இடத்திலும் சந்தேகம் விழுந்தது அந்த இடத்தில் வேலை பார்த்த கூலிக்காரன் மேல்தான். நகைக்கு இருக்கிற மதிப்பு அதை எடுத்ததாகச் சொல்லப்பட்டவன் உடம்புக்கு இல்லை. புலன்விசாரணை என்றால் துப்புத் துலக்குவது, தடயம் எடுப்பது என்று போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள். ஸ்டேஷனில் நடக்கும் பாடம் லத்தியும் மாவுக்கட்டும். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து' கை உடைந்தவர்களின் போட்டோ பேப்பரில் வரும்போது கைதட்டும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நம்ம பையன்களும் சிலர் நிற்கிறார்கள் என்பதுதான் வேதனை.

இந்த அடிதடி விசாரணையால் திருட்டாவது குறைகிறதா? இல்லை. அடித்து வாங்கின வாக்குமூலத்தால் கேஸ் முடிந்துவிட்டது என்று ஃபைலை மூடுகிறார்கள். உண்மையில் எடுத்தவன் அடுத்த தெருவுக்குப் போகிறான். ஆக, சேரிக்காரனை அடிப்பது ஊர்க்காரனின் பீரோவுக்கும் பாதுகாப்பு அல்ல. இதை ஊரிலுள்ள நியாயஸ்தர்களுக்கு நாம் சொல்லவேண்டும்.

*

நான் வங்கியில் கிளார்க். நகைக்கடன் கவுண்டரில் எட்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பவுன் என்றால் என்னவென்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. நடவுக் கூலி, கட்டட வேலை, வளைகாப்பில் வந்த மொய், மகன் முதல் சம்பளம் எல்லாம் உருண்டு திரண்டு ஒரு ஜோடிக் கம்மலாகவோ ஒரு குண்டுமணித் தாலியாகவோ ஆகிறது. நம்ம பெண்களுக்கு நிலம் கிடையாது. வீட்டுப் பட்டா பாதிப்பேருக்குக் கிடையாது. இருப்பது இதுதான். ஊர்வீட்டில் நாற்பது பவுனில் அஞ்சு பவுன் போவதும், சேரிவீட்டில் இருக்கிற ரெண்டு பவுனும் போவதும் ஒன்றல்ல. முன்னது நஷ்டம். பின்னது ஒரு பெண்ணின் பதினைந்து வருஷ உழைப்பு.

அந்தப் பெண் ஸ்டேஷனுக்குப் போகிறாள். அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஒரு மனு ரசீது கொடுத்து அனுப்புகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பார்கள். நம்ம சனங்கள் அதைத்தான் கேஸ் போட்டாச்சு என்று நம்பிக்கொண்டு மடித்துத் தகரப் பெட்டியில் வைக்கிறார்கள். அது கேஸ் அல்ல. கைது செய்வதற்குரிய குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே தீரவேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட்டால் திருட்டுக் கணக்கு கூடும், மேலதிகாரி கேள்வி கேட்பார். ரசீது கொடுத்தால் கணக்கில் வராது. ஒரு வட்டாரத்தில் குற்றம் குறைந்திருக்கிறது என்று ஒரு புள்ளிவிவரம் வருகிறபோது, எத்தனை ரசீதுகள் நம்ம தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன என்று கேட்கவேண்டும்.

ராத்திரி ரோந்துக்குப் பட்டா புத்தகம் என்று ஒன்று உண்டு. ஏ.டி.எம்., நகைக்கடை, கோயில், வசதியானவர்கள் தெரு என்று அங்கங்கே தொங்கும். பீட் போலீஸ்காரர் வந்து நேரம் போட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் பூட்டிய வீட்டை ரோந்துக்காரர் பார்த்துக்கொள்வார் என்று பேப்பரில் அறிவிப்பும் வரும். நான் கேட்கிறேன்: எந்தச் சேரியில் பட்டா புத்தகம் தொங்குகிறது? செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆறு மாசம் குடும்பத்தோடு போகிற சனங்களைவிட அதிக நாள் வீட்டைப் பூட்டிவைப்பவர்கள் யார்? அந்தப் பூட்டிய வீடு எந்த லிஸ்டில் இருக்கிறது? நம்ம தெருவுக்குப் போலீஸ் வருவதில்லை என்பதல்ல நம் புகார். நம்மைப் பிடிக்க வருகிறது, நமக்குக் காவலாக வருவதில்லை. ஒரே ஜீப்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் நடந்த பெரிய வீட்டுக் கொள்ளைகளை யார் நடத்தினார்கள்? 1992 ஜூன் 20, வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அரசாங்க ஆட்களே புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைச் சீரழித்தார்கள். குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 செப்டம்பர் வரை ஆனது. 2023 செப்டம்பரில்தான் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். போலீசே ஊருக்குள் இறங்கி வீடு வீடாக அடித்து நொறுக்கியது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் தலை நிமிர்ந்த தலித் கிராமம் என்பதுதான் அதன் குற்றம். 2012 நவம்பர் 7, தர்மபுரி நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர். 250க்கும் மேற்பட்ட வீடுகள். பீரோவை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் கொளுத்தினார்கள் என்று அந்த மக்கள் சொன்னார்கள். இதையெல்லாம் 'கலவரம்' என்கிற தலைப்பில் வைக்கிறோம். பெயர் கலவரம்தான். உள்ளே நடந்தது கொள்ளை. நமது சேமிப்பின் மேல் நடந்த கொள்ளை.

*

சமுதாயக் காவல் என்கிறார்கள். அக்கம்பக்கம் சேர்ந்து காவல் காத்தால் குற்றம் குறையும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் அந்த அக்கம்பக்கம்? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அலகாகக் கொள்ள மாட்டேன் என்று அம்பேத்கர் நின்றாரே, ஏன்? கிராமம் என்று ஒன்று இல்லை, ஊர் என்றும் சேரி என்றும் ரெண்டு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சாதி இருக்கிற இடத்தில் 'கிராமக் கண்காணிப்புக் குழு' என்றால் ஊர் சேரியைக் கண்காணிக்கும் குழு என்றுதான் அர்த்தமாகும். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப் வதந்தி பரவியபோது, போளூர் பக்கத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண்ணை அடித்தே கொன்றார்கள். அதுவும் 'ஊரைப் பாதுகாத்த' காரியம்தான்.

போலீஸ் நண்பர்கள் குழு என்று 1993இல் ராமநாதபுரத்தில் ஆரம்பித்தார்கள். போலீசும் மக்களும் நெருங்கவேண்டும் என்பது நோக்கம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் ஸ்டேஷனில் அடிபட்டுச் செத்தபோது இந்த நண்பர்கள் பெயரும் அடிபட்டது. அடுத்த மாதமே அரசாங்கம் குழுவைத் தடைசெய்தது. மக்களைப் போலீசுக்கு நண்பர்களாக்கினார்களே தவிர போலீசை மக்களுக்குப் பதில் சொல்ல வைக்கவில்லை.

கேமரா கதையும் இதேதான். சென்னையில் 'மூன்றாவது கண்' என்று தெருத் தெருவாகக் கேமரா வைத்தார்கள். கடைக்காரரும் குடியிருப்போர் சங்கமும் காசு போட்டார்கள். சாத்தான்குளம் ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. பதிவானது தினமும் தானாக அழிந்துபோகிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேமரா, லாக்கப் உட்பட, குறைந்தது ஒரு வருஷமாவது பதிவு இருக்கவேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டது. மடப்புரத்தில் நடந்த அடியை உலகுக்குக் காட்டியது அரசாங்கக் கேமரா அல்ல. மறைவாக நின்று ஒருத்தர் செல்போனில் எடுத்த வீடியோ.

அப்படியானால் தெருக்காவலே வேண்டாம் என்பதா? இல்லை. ஊர் நமக்குக் காவல் கிடக்காது, போலீஸ் தானாக வராது. அதனால் நம்ம தெருவை நாம்தான் காக்கவேண்டும். ஆனால் அடிக்கிற அதிகாரம் இல்லாத காவலாக, பிடித்துக் கட்டிவைக்காத காவலாக, கேஸ் பதிய வைக்கிற காவலாக அது இருக்கவேண்டும். ஊர் நமக்குச் செய்வதை நாம் புதுசாகக் குடிவந்த வடநாட்டுக் கூலிக்காரனுக்கும் ஊசிமணி விற்க வருகிற நரிக்குறவருக்கும் செய்யலாகாது.

*

மோசடிக்கு வருகிறேன். பூட்டை உடைக்கிற திருடன் இப்போது குறைவு. போனில் வருகிறவன்தான் அதிகம். சைபர் மோசடியில் நாட்டுமக்கள் இழந்தது 2023இல் 7,465 கோடி ரூபாய், 2024இல் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசாங்கமே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்டு மிரட்டுகிறான். ரிட்டையர் ஆன அதிகாரிகள், டாக்டர்கள், பேராசிரியர்கள் கோடிக்கணக்கில் அனுப்பிவிட்டு அழுகிறார்கள். அப்படி ஒரு அரெஸ்ட் எந்தச் சட்டத்திலும் கிடையாது. அது தெரிந்தும் ஏன் அனுப்புகிறார்கள்? போலீஸ் நினைத்தால் எது வேண்டுமானாலும் செய்யும் என்கிற பயம். வசதியானவர்கள் ரெண்டு நாள் வீடியோ காலில் அனுபவிக்கிற அந்தப் பயத்தில்தான் நம்ம சனம் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. அந்த மோசடிக்காரன் முதலீடே போலீஸ் சேர்த்துவைத்த பயம்தான். மக்கள் கேள்வி கேட்கக்கூடிய போலீஸ் இருந்திருந்தால் இந்த மோசடி பாதி செத்திருக்கும்.

நம்ம தெருவுக்கு வருகிற மோசடிகள் வேறு. "கல்வி உதவித்தொகை சாங்ஷன் ஆயிருக்கு, ஸ்கேன் பண்ணுங்க" என்று பட்டியல் சாதி மாணவர்களின் அப்பா அம்மாவுக்கே போன் வருகிறது. ஸ்கேன் பண்ணினால் காசு வராது, போகும். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். கைரேகை மிஷினோடு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கிற ஏஜெண்ட் "ரேகை பதியலம்மா, இன்னொருவாட்டி வை" என்கிறான். ரெண்டாவது வாட்டி எடுத்தது அவனுக்கு. எங்கள் கவுண்டருக்கு ஒரு பெரியம்மா பாஸ்புக்கைக் கொண்டுவந்து, "நான் ஆயிரம்தான் சாமி வாங்கனேன், ரெண்டாயிரம் கழிஞ்சிருக்கே" என்று கேட்டார். தாத்தன் ஸ்டேஷனில் வைத்தது கைரேகை. பேத்தி மிஷினில் வைப்பதும் கைரேகை. ஆதாரில் ரேகையைப் பூட்டிவைக்க வழி இருக்கிறது. பணம் எடுக்கும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். இதை எந்த ஏஜெண்டும் சொல்லமாட்டான்.

அப்புறம் சீட்டு. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, மாசம் முப்பது சதவீதம் வட்டி. 2012இல் ஈமு கோழி. 2022இல் ஆருத்ரா: சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி. வங்கியில் ஒரு வருஷத்துக்கு ஏழு சதவீதம் கொடுப்பதற்கே தலையால் தண்ணீர் குடிக்கிறார்கள். ஒரே மாசத்தில் முப்பது எங்கிருந்து வரும்? உனக்குப் பின்னால் சேர்ந்தவன் காசிலிருந்து வரும். பின்னால் சேருகிறவன் நின்றால் கடை மூடும். நம்ம சனங்கள் பேராசைக்காரர்கள் என்று திட்டுவதில் பிரயோஜனமில்லை. வங்கி நம்மை வாசலில் நிறுத்தியதால்தான் சீட்டுக்காரன் வீட்டுக்குள் வந்தான். கண்ணகி நகர் என்று விலாசம் எழுதினால் கடன் கிடைக்காது என்று அங்குள்ள பிள்ளைகள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். நான் வேலை பார்க்கும் துறையைத்தான் சொல்கிறேன்.

மாணவத் தோழர்களே, இதில் உங்களை நேராகத் தொடுகிற ஒன்று இருக்கிறது. ஹாஸ்டலுக்கு ஒருத்தன் வருவான். "தம்பி, ஒன் அக்கவுண்ட்ட ஒரு வாரம் குடு, ஏ.டி.எம். கார்டும் சிம்மும் குடு, ரெண்டாயிரம் தர்றேன்" என்பான். மெஸ் பில் கட்டக் காசில்லாத நேரம். கொடுத்துவிடுவீர்கள். எவனிடமோ கொள்ளையடித்த லட்சங்கள் அந்தக் கணக்கு வழியாகப் பத்து நிமிஷத்தில் பறந்துபோகும். மறுவாரம் கணக்கு முடங்கும். உங்கள் உதவித்தொகையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். அடுத்த மாசம் வேறு மாநிலப் போலீஸ் வரும். 2014இல் குண்டர் சட்டத்தில் சைபர் குற்றவாளியையும் சேர்த்துவிட்டார்கள் என்பதையும் ஞாபகம் வையுங்கள். பெரிய முதலாளி கம்போடியாவில் இருப்பான். அங்கே வேலை என்று ஏமாந்துபோய் அடிமையாகப் போன் பேசிக்கொண்டிருப்பவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. இங்கே கணக்கைக் கொடுத்துப் பிடிபடுகிறவனும் ஏழைப் பிள்ளை, அங்கே பேசுகிறவனும் ஏழைப் பிள்ளை. 2022ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவரப்படி இந்த நாட்டுக் கைதிகளில் நாலில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதி. அந்தக் கணக்கில் இன்னொரு நம்பராக நீங்கள் சேரவேண்டாம். ரெண்டாயிரம் தேவையென்றால் தோழர்களிடம் கேளுங்கள். இயக்கம் எதற்கு இருக்கிறது?

*

என்ன செய்யலாம்? தெருவுக்கு ஒரு குழு. பத்துப் பேர் போதும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். இரவுப் பள்ளி நடந்த கொட்டகையோ படிப்பகமோ அதற்கு ஆபீஸ்.

முதல் வேலை, பதிவு. ஒவ்வொரு வீட்டிலும் நகை ரசீது, நகையின் போட்டோ, செல்போனின் 15 இலக்க எண் எழுதிவைக்கச் சொல்லவேண்டும். போனில் *#06# அழுத்தினால் அந்த எண் வரும். போன் போனால் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணை முடக்கலாம். பீரோ சாவியைச் சாமிபட ஆணியில் மாட்டாதீர்கள், அது திருடனுக்கும் தெரிந்த இடம். பின்கதவுக்கு உள்நாதாங்கி போடுங்கள். சூளைக்குப் போகிறவர்கள் நகையை வீட்டில் வைக்கவேண்டாம். எங்கள் கவுண்டரில் சில கெட்டிக்கார அக்காக்கள் ஒரு காரியம் செய்வார்கள். நாலு பவுனுக்கு இரண்டாயிரம் மட்டும் கடன் வாங்குவார்கள். கடனுக்காக அல்ல, நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும் என்று. வட்டி சொற்பம். லாக்கர் கிடைக்காதவர்கள் கண்டுபிடித்த லாக்கர் அது.

இரண்டாவது, ஸ்டேஷன். தனியாகப் போகக்கூடாது, மூன்று பேர் போகவேண்டும். மனு ரசீதோடு திரும்பக்கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தரவேண்டும் என்று சட்டத்திலேயே, 173ஆம் பிரிவில் இருக்கிறது. மூன்று முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்குப் பதினாலு நாள் பூர்வாங்க விசாரணை என்று புதுச் சட்டம் ஒரு சந்து விட்டிருக்கிறது. அதற்கும் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத்தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். எந்தத் தேதியில் யார் போனார்கள், எஸ்.ஐ. என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வருஷம் எழுதினால் அந்த நோட்டே ஒரு புள்ளிவிவரம். நம்ம தெருவுக்கும் பட்டா புத்தகம் கேட்டு மனு கொடுங்கள். அதில் கையெழுத்து விழுகிறதா என்று நாம் பார்க்கலாம்.

மூன்றாவது, யாரையாவது கூட்டிக்கொண்டு போனால். கைதுக்குக் காரணம் சொல்லவேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்லவேண்டும், 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். 1996இல் டி.கே. பாசு வழக்கில் வந்த இந்த விதிகளின் சாரம் இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. பெண்களையும், 15 வயதுக்குக் கீழே 60க்கு மேலே உள்ளவர்களையும் விசாரணைச் சாட்சி என்று ஸ்டேஷனுக்கு இழுக்கக்கூடாது, வீட்டுக்குத்தான் வரவேண்டும். பொய்வழக்குப் போட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(p), கடமையைச் செய்யாவிட்டால் பிரிவு 4. இந்த ரெண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

நான்காவது, போன் மோசடி. பணம் போனதும் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930க்கு அடிக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு. அதே நாள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து முத்திரை வாங்கவேண்டும். நம் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, மூன்றாம் ஆள் திருடினான் என்றால், மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி செய்தது. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிப்பதும் வங்கியின் வேலை. "நீதானம்மா ஓடிபி சொன்ன, போம்மா" என்று எந்த கிளார்க் சொன்னாலும் விடாதீர்கள். சொன்னதே உண்மையானாலும், புகார் கொடுத்த பிறகு போகிற காசுக்கு வங்கிதான் பொறுப்பு.

இதெல்லாம் விடுதலை அரசியலா, இது சீர்திருத்தவாதம் இல்லையா என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்கட்டும். நிலம் கேட்கிறோம், கோயில் நுழைவு கேட்கிறோம், தனிச் சுடுகாடு ஒழியவேண்டும் என்கிறோம். இரவில் கதவைச் சாத்திப் படுக்கிற ஒரு பெண் விடியும்வரை நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்று மட்டும் கேட்கக்கூடாதா? பறிகொடுத்தவளாக அவள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது நாற்காலி போட்டு உட்காரவைத்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்பது சின்னக் கோரிக்கையா? நம்மைத் திருடன் என்று எழுதிய அதே பேனா, 'புகார்தாரர்' என்று நம்ம பெயரை எழுதவேண்டும். அந்த ஒரு கட்டத்தில் நம்ம பெயர் வரும்வரை இந்தச் சட்டம் ஊருக்கு மட்டும்தான் சட்டம். படிப்பகத்தில் ஒரு நோட்டு வாங்கிப்போடுங்கள். வருகிற ஞாயிறே ஆரம்பியுங்கள்.